லெசோங் குகையில் ஒரு முழுப்பேர்

அன்று வேனில் ஏறியவர்கள் மொத்தம் ஏழு பேர். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வந்த தகராறுக்குப் பாதி விளக்கம் அதில் இருக்கிறது.

ஓட்டுநர் இருக்கையில் மார்கஸ். மற்ற நாள்களில் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றுகிறவன். வேனை இரண்டு முறை கழுவியதாகச் சத்தியம் செய்தான். வேனின் வாசம் அதை மறுத்தது. அவனுக்குப் பக்கத்து இருக்கையில் ஆண்டியப்பன், கிளன்மோர் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருபத்தாறு வருடம் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த இடத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அதில் வேறு யாராவது உட்காரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நடு வரிசையில் வசுமதி, தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, மூத்தோர் மன்றத்தின் செயலாளர், மடியில் பச்சை நிறக் கோப்பு. அவள் பக்கத்தில் ஜன்னலோரமாகப் பார்பரா; தாப்பா இறக்கத்தில் அவளுக்குக் குமட்டும் என்பதால் பிளாஸ்டிக் பை முன்கூட்டியே விரித்து வைக்கப்பட்டிருந்தது. மூன்றாம் வரிசையில் நீலாவதியும் அவள் கணவன் சுப்பனும். காலை ஐந்து மணிக்குப் புளிச்சோற்றில் உப்பு பற்றி ஒரு பேச்சு வந்ததால் இருவரும் எதிரெதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையில், சக்கரத்துக்கு நேர் மேலே, அந்தப் புளிச்சோற்றுப் பாத்திரமும் காளியம்மாவும்.

புறப்படும்போது ஆண்டியப்பன் திரும்பிப் பார்த்து விரலால் எண்ணினார். வேலைக்காட்டில் விடியற்காலை பெரட்டு எடுத்த பழக்கம். ஆள்களை வரிசையில் நிறுத்தி எண்ணிப் பேர் போட்ட அந்த விரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"ஆறரை," என்றார்.

வேன் சிரித்தது. பார்பரா கூடப் பையிலிருந்து முகத்தை எடுத்துச் சிரித்தாள். காளியம்மா பாத்திரத்தின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அரை அவள்தான். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். மத்தியானத்தோடு நின்றால் அரைப்பேர். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், நல்ல மழைக்காலத்தில், பதினேழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த காளியம்மா திடீரென்று கூடையைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினாள். காரணம் ஓர் அட்டை. அட்டை கடிப்பது புதிதல்ல. அது கடித்த இடம்தான் வாயால் சொல்லத் தகாதது. மறுநாள் பெரட்டில் நாற்பது பேர் முன்னால் ஆண்டியப்பன், "நேத்து ஏன் ஓடுன? காரணம் சொல்லு, முழுசாப் போடுறேன்," என்றார். காளியம்மா ஆகாயத்தைப் பார்த்தாள். அவர் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் அரை போட்டார். அன்றிலிருந்து தோட்டத்தில் அவள் பேர் அரப்பேரு காளியம்மா. தீபாவளி வாழ்த்து அட்டையில் கூட ஒருமுறை அப்படித்தான் வந்தது. அவள் மகன் கல்யாணத்தில் மைக் பிடித்தவர், "மணமகனின் தாயார் அரப்பேரு..." என்று தொடங்கி இருமலில் முடித்தார்.

அதனால்தான் மன்றத்தின் சுற்றுலாத் தாளில் ஒரு வரி அவள் கண்ணில் குத்தியது. கீழே பேராக் பக்கத்தில், சுண்ணாம்பு மலைக்குள் லெசோங் குகை. மலாயில் லெசோங் என்றால் உரல். குகையில் இரண்டு வழி: பாதிவரை நடைபாதை, அதற்கு மேல் ஊர்ந்தும் தண்ணீரில் நடந்தும் போகிற முழு வழி. முழு வழி போனவர்களுக்குப் பூங்கா நிர்வாகம் பேர் போட்டு, முத்திரை குத்தி, சிஜில் என்கிற சான்றிதழ் தரும். அரசாங்க முத்திரையோடு, முழு என்று எழுதி, அவள் பேர். காளியம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. வலது முட்டி மழைக்கு முன்னால் அவளுக்கே தகவல் சொல்லும். தாளை வாங்கிய அன்றே வசுமதியிடம் போய்ப் பேர் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, முட்டி?" என்றாள் வசுமதி.

"முட்டியையும் கூட்டிட்டுத்தான் வர்றேன். தனியாப் பேர் எழுத வேணாம்."

அணைக்கட்டு ஏரியைச் சுற்றி ரிங்லெட் தாண்டி இறங்கியதும் பார்பரா பையைப் பயன்படுத்தினாள். தாப்பா வந்ததும் எல்லாரும் சுவெட்டரைக் கழற்றினார்கள். குளிர்மலையிலிருந்து இறங்குகிறவர்களை அடிவாரத்து வெயில் அறைந்துதான் வரவேற்கும்.

பூங்காவின் வாசலில் பெரிய மரப்பலகை. என்னென்ன பறவை, என்னென்ன வௌவால், எந்த மரத்தைத் தொடக்கூடாது என்று படம் போட்டிருந்தார்கள். குரங்குகளுக்கு உணவு கொடுக்கக்கூடாது என்பது நான்கு மொழிகளில் இருந்தது. குரங்குகள் எந்த மொழியும் படிக்கவில்லை. சுப்பன் புளிச்சோற்றுப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கழிப்பறை தேடித் திரும்புவதற்குள் ஒரு பெரிய கடுவன் மூடியைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டுப் போனது.

"பாத்தியா? உப்பு அதிகம்னு நான் சொன்னப்ப ஒத்துக்கிட்டியா?" என்றான் சுப்பன். காலையிலிருந்து அவன் மனைவியிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

ஆற்றின் மேல் போட்ட மரப்பாலத்தில் நடந்தால் சுண்ணாம்புப் பாறை நேராக வானத்துக்கு ஏறி நிற்கும். அதன் அடியில் குகையின் வாய். வழிகாட்டி ஒரு தமிழ்ப் பையன், கோப்பெங் பக்கத்து ஆள், பேர் விஜயன். எல்லாருக்கும் மஞ்சள் ஹெல்மெட்டும் நெற்றி விளக்கும் கொடுத்தான். ஆண்டியப்பனின் தலைக்கு மூன்றாவது ஹெல்மெட்தான் பொருந்தியது.

உள்ளே போனதும் பேச்சு நின்றது. கோயில் கோபுரத்தைப் படுக்கவைத்தாலும் அடங்கிவிடும் அளவுக்கு ஓர் இருட்டு. மேலிருந்து கல் விழுதுகள், கீழிருந்து கல் முளைகள், எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வௌவால் எச்சத்தின் நெடி மூக்கின் அடிவரை போனது. நிர்வாகம் நீலமும் சிவப்புமாகப் பல்புகளைப் பொருத்தியிருந்ததால் சில இடங்களில் குகை பிரிஞ்சாங் இரவுச் சந்தை மாதிரி இருந்தது.

"இது யானை," என்று விஜயன் விளக்கை அடித்தான். "இது கல்யாண கேக். அதோ, தொங்குறது முதலைத் தோல்."

"யானைக்குத் தும்பிக்கை எங்க தம்பி?" என்றாள் காளியம்மா.

"கொஞ்சம் கற்பனை பண்ணிக்கணும்லா அக்கா."

"கற்பனை பண்ணிக்கறதுன்னா எங்க லயத்துலயே உக்காந்துக்கிட்டு பண்ணிருப்பனே."

ஓரிடத்தில் சுவரோரம் ஒரு வெள்ளைக் கல், முக்காடு போட்டு நிற்கும் பெண் மாதிரி. பார்பரா அதைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். நீலாவதி அதே கல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெயர்ப்பலகையில் அதற்கு 'சோளம்' என்று எழுதியிருந்தது. மூவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

நானூறு படிகள் ஏறி இறங்கியதும் ஓர் அகலமான மேடை வந்தது. பெஞ்சு, மின்விசிறி, தண்ணீர்க் குழாய். இங்கேதான் பாதி வழி முடிகிறது. பூங்காப் பணியாள் ஒருவர் ஒரு படிவத்தோடு காத்திருந்தார். இடப்பக்கக் கட்டத்தில் திரும்புகிறவர்கள், வலப்பக்கக் கட்டத்தில் தொடர்கிறவர்கள். குழுத் தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குழுத் தலைவர் யார் என்று பணியாள் கேட்டு முடிக்கும் முன்பே ஆண்டியப்பன் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்திருந்தார். வசுமதி வாயைத் திறந்து, மூடினாள்.

படிவத்தைப் பெஞ்சில் வைத்து அவர் குனிந்த தோரணையைப் பார்த்தால் பின்னால் பதினேழாம் நம்பர் மலை தெரிந்தது. "முழுசு: நான், சுப்பன், மார்கஸ், வசுமதி." பேனா இடப்பக்கம் தாவியது. "அரப்பேரு: பார்பரா, நீலாவதி, காளியம்மா."

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த காளியம்மா நிமிர்ந்தாள். "என்னைய யாரு கேட்டா?"

"முட்டி கேட்டுச்சு."

"என் பேர எடுங்க கங்காணி."

"போட்டாச்சு. போட்ட பேர மாத்துற பழக்கம் எனக்கு இல்ல. இருபத்தாறு வருஷச் செக்ரோல்ல ஒரு அடித்தல் காட்டு பாப்போம்."

அதற்குள் கையெழுத்தும் முடிந்து, பணியாள் படிவத்தை மடித்துக்கொண்டு, பார்பராவையும் நீலாவதியையும் அழைத்துப் படியேறிவிட்டார். காளியம்மா முகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். தலைப்பை இடுப்பில் செருகினாள். சேலைக்கு அடியில் மருமகளின் ட்ராக் சூட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. சேலையை அவிழ்த்து மடித்துப் பெஞ்சில் வைத்தாள்.

"அலாமாக்!" என்றான் மார்கஸ். "அக்கா ஸ்கூல் பிள்ள மாதிரி ஆயிட்டாங்க."

"வாய மூடிட்டு நட."

விஜயன் வரிசை போட்டான். முன்னால் அவன், பிறகு சுப்பன், மார்கஸ், வசுமதி, காளியம்மா. கடைசியில் ஆண்டியப்பன். கடைசியில் நின்று ஆள் பார்ப்பதுதான் கங்காணிக்கு அழகு என்று அவரே சொல்லிக்கொண்டார்.

முதலில் கணுக்கால் தண்ணீர், பிறகு தொடைவரை தண்ணீர். பிறகு பாறை தாழ்ந்து தாழ்ந்து, ஒரு துளை மட்டும் மீந்தது. சமையலறைச் சிங்குக்கு அடியில் நுழைவது மாதிரிதான் என்று விஜயன் தைரியம் சொன்னான். ஊர்ந்து போகிற தூரம் ஒரு லயத்து வீட்டின் நீளம் இருக்கும். முன்னால் போனவர்களின் விளக்கொளி ஒரு வளைவில் திரும்பி மறைந்தது.

காளியம்மா முழங்கையால் தன்னை இழுத்தாள். மண் குளிர்ந்து வழவழப்பாக இருந்தது. பாதித் தூரத்தில் வலது முட்டி ஒரு கல் விளிம்பில் சிக்கியது. வலி இடுப்புவரை ஏறியது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். இரண்டுக்கும் ஒரே இருட்டு. சிஜில், முத்திரை, முழு எல்லாம் சேர்ந்து ஒரு கப் டீக்குக்கூட ஈடாகாது என்று அந்த நொடியில் தோன்றியது.

"என்னால முடியாது!" என்று கத்தினாள். "நான் திரும்பிப் போறேன்! பின்னால நகருங்க!"

பின்னால் எதுவும் நகரவில்லை.

"கங்காணி! நகருங்கன்னு சொல்றேன்ல!"

அவளுடைய இடது கணுக்காலில் ஒரு கை வந்து விழுந்தது. விழுந்த கை இறுகியது.

"காளியம்மா," என்றது ஒரு குரல். பெரட்டுக் களத்தில் முந்நூறு அடிக்குக் கேட்கும் குரல், இப்போது ஒரு கொசுவின் அளவில். "என் லைட்டு செத்துப்போச்சு. என்னை விட்டுட்டுப் போயிராத."

"நான் போகலைய்யா! திரும்பி வர்றேங்கிறேன், நீங்க பின்னால போனாத்தான நான்..."

"பின்னால போக முடியல. வயிறு மாட்டிருக்கு. முன்னால இழுத்தாத்தான் வரும்."

பிறகு அவர் சாமி கும்பிடத் தொடங்கினார். தோட்டத்து மாரியம்மனில் தொடங்கி, முனியாண்டி வழியாக, பார்பராவின் மாதாவரை போனார். அவசரத்தில் பழைய மேனேஜர் துரையின் பேரும் ஒருமுறை வந்தது. காளியம்மா சற்று நேரம் அதைக் கேட்டபடி கிடந்தாள். பின்னால் அடைத்துவிட்டது, முன்னால் மட்டும்தான் துளை இருந்தது. முட்டியைக் கல்லிலிருந்து கழற்றினாள். முழங்கையை ஊன்றினாள். தன்னையும், தன் கணுக்காலில் தொங்கிய எண்பத்தைந்து கிலோ கங்காணியையும் சேர்த்து இழுத்தாள். கொழுந்துக் கூடை சுமந்த தோள்கள் அவை. முனகியபடி இழுத்தன.

வளைவு திரும்பி வெளிச்சம் தெரிந்ததும் கணுக்காலிலிருந்து கை நழுவியது. காளியம்மா வெளியே உருண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஆண்டியப்பன் எழுந்து நின்று, மண்ணைத் தட்டி, தொண்டையைச் செருமி, "எல்லாரும் வந்தாச்சா? நான் பின்னால நின்னு பாத்துக்கிட்டேன்," என்றார்.

மலைக்குத் திரும்பிய ஒரு வாரத்தில் அந்தக் கதை வளர்ந்துவிட்டது. "பொந்துக்குள்ள அந்தம்மா அழுதுக்கிட்டு கெடந்துச்சு. நான் பின்னால இருந்து தள்ளலன்னா இன்னும் உள்ளதான்." இது கடையில். சலூனில் சொன்னபோது அவர் முன்னாலும் போயிருந்தார். காளியம்மா சிஜில் வரட்டும் என்று இருந்தாள்.

மூன்றாம் வாரம் பூங்காவிலிருந்து ஒரு பெரிய உறை ஆபீஸுக்கு வந்தது. மாலையில் மன்றக் கூடத்தில் வசுமதி ஒவ்வொருவராகப் பேர் வாசித்துக் கொடுத்தாள். கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். குகைக்குப் போகாதவர்களும் கைதட்ட வந்திருந்தார்கள். காளியம்மாவின் சிஜிலை எடுத்ததும் வசுமதியின் வாய் நின்றது.

பளபளப்பான தாள், தங்கக் கரை, வட்ட முத்திரை. நடுவில் பெரிய எழுத்தில்: லாலுவான் செப்பாரோ. பாதி வழி.

பின்னால் எட்டிப் பார்த்த மார்கஸுக்கு நாக்கை அடக்கத் தெரியாது. "அக்கா! அரப்பேர மலாய்லயே அடிச்சுட்டானுங்க!"

கூடம் குலுங்கியது. கூட வந்த மார்கஸும் சுப்பனும் அவள் முழு வழி வந்ததை அறிந்தவர்கள்தான். சிரிப்பு வரும்போது அதையெல்லாம் யார் நினைப்பது? இதுவரை வாயில் மட்டும் இருந்த பேர். இனிமேல் அதற்கு முத்திரையும் உண்டு. காளியம்மா தாளை வாங்கி, நான்காக மடித்தாள். மடித்தால் அழகு கெட்டுவிடும் என்று யாரோ சொன்னார்கள்.

மறுநாள் வசுமதி பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசினாள். அங்கிருந்த பெண் அன்பாகத்தான் பதில் சொன்னாள். திருத்தலாம், ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்டவரே கடிதம் எழுத வேண்டும். தவறு எப்படி நடந்தது, அந்த அம்மா முழு வழி வந்தது கையெழுத்துப் போட்டவருக்கு எப்படித் தெரியும், இரண்டையும் எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதினால் செல்லாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வசுமதி வீட்டு முன்னறையில் மூன்று பேர் கூடினார்கள். வசுமதி கதவைத் தாழிட்டாள். மேசையில் வெள்ளைத் தாள், பேனா, மூன்று டீ.

"எழுதறதுல எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் ஆண்டியப்பன். "செயலாளர் எழுத்துப் பிழைன்னு போட்டுக்க."

"யாரு எழுத்துப் பிழை?" வசுமதி பேனாவைக் கீழே வைத்தாள். "நான் அந்தப் படிவத்தத் தொடவே இல்லையே ஐயா. பேனாவ எடுத்தது யாரு?"

"சரி. ஆபீஸ்ல தப்பாப் படிச்சுட்டாங்கன்னு போடு."

"அவங்க கிட்ட படிவம் இருக்கு. உங்க கையெழுத்து மணி மணியா இருக்குன்னு அந்தப் பொண்ணு வேற சொல்லுச்சு."

ஆண்டியப்பன் டீயை ஊதினார். கையெழுத்தைப் பாராட்டியதில் கொஞ்சம் மகிழ்ச்சி இருந்தது. அதை மறைக்க நேரம் பிடித்தது. "போட்ட பேர நான் மாத்துனதில்ல, வசுமதி. ஒண்ண மாத்துனா அப்பறம் எல்லாத்தையும் மாத்தச் சொல்லுவாங்க."

"யாரு சொல்லப்போறா? செக்ரோலு கறையான் தின்னு இருபது வருஷமாச்சு," என்றாள் காளியம்மா. "நா முழுசா வந்தேனா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

"வந்த. யாரு இல்லன்னா?"

"அத எழுதுங்க."

"எப்படித் தெரியும்னு கேக்குறாங்களே. என்ன எழுதறது?"

"பின்னால நின்னு பாத்துக்கிட்டேன்னு எழுதுங்க. பொந்த விட்டு வந்ததும் அப்படித்தான சொன்னீங்க?"

வசுமதி தலையை ஆட்டினாள். "நிக்க முடியாதுக்கா அந்தப் பொந்துல. அவங்களுக்கு அவங்க குகை தெரியாதா? லைட்டுல பாத்தாரா, என்ன பாத்தாருன்னு திருப்பிக் கேப்பாங்க."

ஆண்டியப்பன் காளியம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மூன்று வாரமாக ஒரே பொருள்தான்: நீ கணுக்காலைச் சொன்னால், நான் திரும்பிப் போறேன்னு நீ கத்தியதைச் சொல்வேன். கத்தியவளுக்கு முழு சிஜில் எதற்கு என்று ஊர் கேட்கும். காளியம்மா அதைப் பல முறை தலைக்குள் புரட்டிப் பார்த்திருந்தாள். அவர் பின்னால் அடைத்திராவிட்டால் அவள் திரும்பித்தான் போயிருப்பாள். அதை நினைக்கும்போதெல்லாம் முத்திரை போட்டு வந்த அந்த வார்த்தை, பாதி, கொஞ்சம் நியாயமாகக் கூடத் தெரிந்தது. அதுதான் அவளை அதிகமாக எரித்தது.

பெரட்டில் நாற்பது பேர் முன்னால் நின்றபோது வாயை மூடினாள். அந்த மூடலுக்கு விலை முப்பத்தொரு வருடம்.

"வசுமதி, எழுதிக்க," என்றாள். "பாதியில என் முட்டி மாட்டிக்கிச்சு. நான் திரும்பிப் போறேன்னு கத்துனேன். நல்லா சத்தமாத்தான் கத்துனேன்."

ஆண்டியப்பனின் டீ கோப்பை வாய்க்கு முன்னால் நின்றது.

"இந்தாளு பின்னால அடைச்சுக்கிட்டு இருந்தாரு. போக வழியில்ல. அதுனாலதான் முன்னால போனேன். இதுதான் என் பக்கத்துக் கதை. இதுக்கு முழுசு குடுக்கலாமா வேணாமான்னு அவங்க பாத்துக்கட்டும்." அவள் தன் டீயை எடுத்துக் குடித்தாள். "மிச்சம் அவர் பக்கம். அவரு சொல்லட்டும், சொல்லாட்டி போகட்டும்."

அவர் மிரட்ட வைத்திருந்த ஒரே சீட்டை அவளே மேசையில் போட்டுவிட்டாள். அவர் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வசுமதி பேனாவை எடுத்துத் தயாராக இருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வராமல் இருப்பதற்கு அவள் பட்ட பாட்டை யாரும் பாராட்டவில்லை.

"கால்," என்றார் கடைசியில்.

"என்ன கால் ஐயா?"

"அவ கால. பிடிச்சுக்கிட்டு வந்தேன். கணுக்கால. எடம் விட்டு எடம் அவ நகந்தது என் கைக்குத் தெரியும். போதுமா?"

"ஏன் பிடிச்சீங்கன்னு..."

"லைட்டு செத்துப்போச்சு."

வசுமதி எழுதினாள். "பயத்தினால்..."

"பயம்னு போடாத!" குரல் பழைய அளவுக்குத் திரும்பியது. "இருட்டின் காரணமாகன்னு போடு."

வசுமதி காளியம்மாவைப் பார்த்தாள். காளியம்மா யோசித்தாள். "போட்டுக்கட்டும்லா. இருட்டாத்தான இருந்துச்சு."

"வயித்த எழுதாத," என்றார் அவர்.

"சரி, வயிறு வேணாம்."

"அவ கத்துனத எழுதிக்கிட்டியா? அத விட்றாத."

"எழுதியாச்சு ஐயா."

"முழுப் பேரு போடணும்ல. காளியம்மா..." அவர் நிறுத்தினார். இருபத்தாறு வருடம் தினமும் அவள் பேரைக் கூப்பிட்டவர். "உங்க அப்பன் பேரு என்னா?"

"ரெங்கன்."

"ரெங்கனா? குதிரை லாயத்துக்குப் பக்கத்துல இருந்தாரே, அந்த ரெங்கனா? அது உங்க அப்பாவா?" அவர் உண்மையாகவே வியந்துபோனார். "நல்ல மனுஷன்லா. அதச் சொல்லிருக்கலாம்ல."

"பெரட்டுல அப்பன் பேர யாரு கேட்டா?"

வசுமதி தமிழில் எழுதியதை மலாயில் மாற்றினாள். மலாய் அலுவல் கடிதத்தில் முதல் பத்திக்கு எண் கிடையாது. அடுத்ததிலிருந்துதான் இரண்டு, மூன்று என்று வரும். ஒன்று எங்கே என்று ஆண்டியப்பன் மூன்று தடவை கேட்டார். கடைசியில் அவள் அதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்:

"ஐயா, கிளன்மோர் தோட்ட மூத்தோர் மன்றக் குழுவின் படிவத்தில் திருத்தம் வேண்டி இதை எழுதுகிறேன்.

2. காளியம்மா, ரெங்கனின் மகள், பாதி வழியோடு திரும்புவார் என்று அவரைக் கேட்காமல் நானே எழுதிவிட்டேன். தவறு என்னுடையது.

3. ஊர்ந்து செல்லும் பகுதியில் அவர் எனக்கு முன்னால் சென்றார். நடுவில் முட்டி வலியால் திரும்ப விரும்பினார். நான் பின்னால் இருந்ததால் திரும்ப இயலவில்லை.

4. இருட்டின் காரணமாக நான் அவருடைய இடது கணுக்காலைப் பிடித்திருந்தேன். துளையின் நடுவிலிருந்து வெளிச்சம் வரை விடவில்லை. ஆகவே அவர் முழுத் தூரமும் சென்றது எனக்கு உறுதியாகத் தெரியும். அவர் இழுக்காவிட்டால் நான் வந்திருக்க முடியாது."

"கடைசி வரி நான் சொல்லலயே," என்றார் ஆண்டியப்பன்.

"நானும் சொல்லல," என்றாள் காளியம்மா.

"அது இல்லாம நாலாவது பத்தி நொண்டுது," என்றாள் வசுமதி. "எடுத்துரவா?"

ஆண்டியப்பன் தாளைத் தன் பக்கம் இழுத்தார். கடைசி வரியின் மேல் பேனா முனை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அது கீழே இறங்கி, ஆ போட்டது, மற்ற எழுத்துகளைப் போட்டது, பெரட்டுப் புத்தகத்தில் போடுகிற அதே கோட்டை அடியில் இழுத்தது.

உறையின் பசை காய்ந்துபோயிருந்தது. அவர் நக்கிப் பார்த்தார், ஒட்டவில்லை. வசுமதி செலோடேப் எடுத்தாள். ஒரு சுற்றுப் போதும் என்றாள். அவர் உறையை வாங்கி மூன்று சுற்றுச் சுற்றினார். ஓரங்களைக் கட்டைவிரலால் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார்.

"யார்கிட்டயும் குடுத்தனுப்ப வேணாம்," என்றார். "நானே போடுறேன்."

"நானும் வர்றேன்," என்றாள் காளியம்மா.

திங்கட்கிழமை மார்கஸின் வேனில் ரிங்லெட் போனார்கள். ஆண்டியப்பன் முன்னிருக்கையில் ஏறப்போனவர், அங்கே தக்காளிப் பெட்டி இருப்பதைப் பார்த்து நடு வரிசைக்கு வந்தார். உறை காளியம்மாவின் மடியில் இருந்தது. மார்கஸ் கண்ணாடியில் பார்த்தபடி, "உள்ள என்னா எழுதிருக்கீங்க ரெண்டு பேரும்?" என்றான்.

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றார்கள் இருவரும்.

தபால் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் பெண். சாதாரணமா, பதிவுத் தபாலா என்று மலாயில் கேட்டாள்.

"சாதா போதும்," என்றார் ஆண்டியப்பன்.

"பதிவு," என்றாள் காளியம்மா.

அந்தப் பெண் செலோடேப்பை ஒருமுறை வியப்போடு பார்த்தாள். எடை போட்டாள், சீட்டை ஒட்டினாள், முத்திரையை ஓங்கிக் குத்தினாள். உறையைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் வாய் திறந்து கிடந்த சாக்கில் எறிந்தாள்.